தாத்தா பறந்து போச்சு: மழலை கேட்கும் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

அந்தப் பெண் குழந்தைக்கு இரண்டு வயது நான்கு மாதம். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா கிளம்பியதும் கையை நீட்டி, "தாத்தா! தாத்தா பறந்து போச்சு!" என்றாள். அவளுடைய தாத்தா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அறை முழுக்கச் சிரிப்பு. என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி சட்டென்று போனை எடுத்து, "பாப்பா, இன்னொரு தடவை சொல்லு, அது என்ன?" என்று கேட்டாள். குழந்தை எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தாள். அம்மாவின் துப்பட்டாவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை.

மாணவியை நான் கடிந்துகொள்ளவில்லை. கும்பகோணம் பக்கத்தில் 19 வருஷமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். படித்து முடித்த புதிதில் அதே ஆர்வத்தோடு அதே தவறைச் செய்திருக்கிறேன். அன்று கையில் போனுக்குப் பதில் நோட்டு இருந்தது, அவ்வளவுதான்.

கேலி செய்யக்கூடாது, அதட்டக்கூடாது, செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். குழந்தைமேல் உயிரையே வைத்திருப்பவர்களும் செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

வாய்க்கு வந்தபடி உளறுகிறது என்று நினைப்பது

மழலை கண்டபடி வருவதில்லை. ஒரு வாரம் கவனித்துக் கேட்டால் ஒழுங்கு பிடிபடும். காக்காவைத் தாத்தா என்கிற குழந்தை கதவை 'ததவு' என்றும் காரைத் 'தாரு' என்றும் சொல்லும். தொண்டைப் பக்கம் நாக்கின் அடி எழும்பிப் பிறக்கிற ககரத்தை, நாக்கு நுனியால் பல்லுக்குப் பின்னால் பிறக்கிற தகரமாக மாற்றிக்கொள்கிறது. நுனிநாக்கு அதற்கு முன்னரே வசப்பட்டிருக்கிறது. அடிநாக்கு இன்னும் வசப்படவில்லை. சாமி 'தாமி'யாவதும், சாதம் 'தாதம்' ஆவதும் வேறொரு வழி. காற்றை மெல்லிய இடுக்கில் கசியவிட்டுச் சகரத்தைச் சொல்வது கடினம், அடைத்துத் திறந்து தகரம் சொல்வது சுலபம். ராத்திரி 'லாத்திலி' ஆகும், மரம் 'மயம்' ஆகும். ரகரம் எந்த வீட்டிலும் தாமதமாகத்தான் வந்து சேரும்.

பக்கத்து எழுத்தின் சாயல் ஏறிக்கொள்வதும் உண்டு. தக்காளி ஒரு வீட்டில் 'கக்காளி', இன்னொரு வீட்டில் 'தத்தாளி'. எழுத்துகள் இடம் மாறிக் குதிரை 'குருதை' ஆகும். இதைக் கேட்டுக் கவலைப்பட்டு வந்த ஒரு தமிழாசிரியரிடம், "தசையைச் சதை என்றும் விசிறியைச் சிவிறி என்றும் நம் மொழியே மாற்றி வைத்திருக்கிறதே, ஐயா" என்றேன். பாடத்தில் எத்தனையோ முறை நடத்தியதைப் பேரன் வாயில் கேட்டபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று மிகுந்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனார்.

இதையெல்லாம் பெற்றோர் மனப்பாடம் செய்ய வேண்டாம். பிழையில் ஒழுங்கு இருக்கிறதா, அந்த ஒழுங்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். கீழே நான் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

"சரியாச் சொல்லு, கா… கா…"

குழந்தைக்குத் தான் தப்பாகச் சொல்கிறோம் என்பது பெரும்பாலும் தெரியாது. ஆனால் நீங்கள் தப்பாகச் சொன்னால் உடனே தெரியும். 1960-இல் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். காற்றடைத்த பொம்மை மீனை அது 'ஃபிஸ்' என்றே சொல்லும். பெரியவர் ஒருவர் அதையே வாங்கி, "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டபோது, இல்லை என்று மறுத்தது. 'ஃபிஷ்' என்று சரியாகக் கேட்ட பிறகுதான், "ஆமாம், என் ஃபிஸ்" என்றது.

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். ஜன்னலைக் காட்டி, "அங்க பாரு, தாத்தா" என்று அந்தக் குழந்தையிடம் அவளைப் போலவே சொல்லிப் பாருங்கள். அவள் காக்காவைப் பார்க்க மாட்டாள். நாற்காலியில் இருக்கும் தாத்தாவைத்தான் பார்ப்பாள். சொல் மனதுக்குள் சரியாகவே பதிந்திருக்கிறது. வாய்தான் இன்னும் வந்து சேரவில்லை. அப்படிப்பட்ட குழந்தையை நிறுத்திவைத்து "கா சொல்லு, கா சொல்லு" என்றால், தான் சொல்லிக்கொண்டிருப்பதையே மறுபடி எதற்குக் கேட்கிறார்கள் என்று அதற்குப் புரியாது. பத்து முறை முயன்று பத்து முறையும் அம்மா முகம் சுருங்குவதைப் பார்க்கும். பதினோராவது முறை விரலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: அது சொன்னதை உங்கள் பேச்சில் சரியாக வைத்துத் திருப்பிக் கொடுங்கள். "தாத்தா பறந்து போச்சு" என்றால், "ஆமா, காக்கா பறந்து போச்சு! எங்க போச்சு காக்கா? மரத்துக்குப் போச்சா காக்கா?" சொல் மூன்று முறை காதில் விழுந்துவிட்டது. திருப்பிச் சொல் என்று கேட்கவே வேண்டாம். குளிக்கும்போது, சாப்பிடும்போது, கோழிக்குத் தீனி போடும்போது எல்லாம் இப்படிப் பேசலாம்.

விருந்தாளி முன்னால் சொல்ல வைப்பது

வேண்டாம்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்"

இத்தனை வருஷத்தில் எனக்கு இன்றும் கோபம் வருகிற வாக்கியம் இது. வாரத்தில் நான்கு பேராவது சொல்கிறார்கள். பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், சில சமயம் படித்த மருத்துவரே சொல்லி அனுப்பியிருப்பார். என் கோபத்தில் பாதி என்மேல்தான். இதை நானும் நம்பினேன், அதுவும் இந்தப் படிப்பைப் படித்து முடித்துவிட்டு.

என் அண்ணன் மகனுக்கு அப்போது மூன்று வயது. சட்டையை 'அட்டை' என்பான், செருப்பை 'எலுப்பு' என்பான், சாமியை 'ஆமி' என்பான். "அத்தை, ஆமி கும்பிடு" என்று அவன் கை குவிக்கும்போது வீடே உருகும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, அவன் சொல்வதையெல்லாம் எழுதினேன். புதிதாகப் படித்துவிட்டு வந்தவளுக்கு அது பெரிய வேலை செய்வது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் வீட்டுக்குப் போய், கண்ணாடி முன்னால் அவனை உட்கார வைத்து, பல்லைக் கடித்துக் காற்றை விடச் சொல்லிச் சகரம் பழக்கினேன். எட்டு மாதம். அவன் என் வாயைப் பார்த்துப் பல்லைக் கடிப்பான், காற்றே வராது. பிடிவாதம் என்றார் அண்ணி. சின்ன வயசில் தானும் இப்படித்தான் என்றான் அண்ணன். அம்மாவும் தலையாட்டினார்.

காது நன்றாகத்தான் கேட்கிறது என்று எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. பின்னால் நின்று தட்டைத் தட்டினால் திரும்புவான். சாக்லேட் தாளைப் பிரித்தால் ஓடி வருவான். டி.வி.யைச் சத்தமாக வைப்பான், கிட்டப் போய் நின்று பார்ப்பான். அது சேட்டையில் சேர்ந்தது. கூப்பிட்டால் சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான்; அது திமிரில் சேர்ந்தது. எல்.கே.ஜி.யில் கவனிப்பதே இல்லை என்று கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். ராத்திரி வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குவான். அதைப் பார்த்து, பகலெல்லாம் ஓடியாடிய அலுப்பு என்று நாங்கள் போர்வையை இழுத்துவிட்டோம்.

ஒரு நாள் என்னுடன் படித்த தோழி ஒருத்தி வந்திருந்தாள். நோட்டை எடுத்துப் பெருமையாகக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எட்டு மாசத்துல ஒண்ணுமே மாறலையேடி" என்றாள். பிறகு கேட்டாள்: "காது பார்த்தாச்சா?"

பார்க்கவில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் முதலில் கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்வி அது. சொந்தப் பிள்ளைக்கு நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் காதுக்குள் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் டிம்பனோமெட்ரி எடுத்தோம். மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு இரண்டு காதிலும் தரையோடு படுத்திருந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கெட்டிப்பட்டிருந்தது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தது. அந்தக் குறட்டைக்கும் அதுதான் காரணம்.

இது எப்படி நடக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் சிறு குழந்தைக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்திலும் இருக்கும். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும், உள்ளே நீர் தேங்கும். பெரும்பாலும் வலி இருக்காது, காதிலிருந்து எதுவும் வெளியே வராது, காய்ச்சலும் இருக்காது. கேட்பு முழுக்கப் போய்விடாது, மங்கிப்போகும். கிணற்றில் முங்கி எழுந்து காதில் தண்ணீர் புகுந்தால் நமக்கு எப்படிக் கேட்குமோ, கிட்டத்தட்ட அப்படி. சளி குறைந்தால் கொஞ்சம் தெளியும், கூடினால் மறுபடி மங்கும். அதனால்தான் ஒரு நாள் வருவான், ஒரு நாள் வரமாட்டான்.

ஆ, ஈ, ஊ போன்ற உயிர்கள் உரத்த ஒலிகள். மங்கிய காதுக்கும் எட்டும். சகரம் வெறும் காற்று, முதலில் தொலைவது அதுதான். குழந்தைக்குச் சட்டை 'அட்டை'யாகத்தான் போய்ச் சேருகிறது, அதையே திருப்பிச் சொல்கிறது. அவனுடைய பேச்சில் பிழையே இல்லை. கேட்டதை அப்படியே சொன்னான். கேட்காத ஒலியை எட்டு மாதம் நான் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் சொல்லின் கடைசியில்தான் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா, எதை, எதற்கு என்பதெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. பேச்சில் நாம் தேய்த்து விழுங்குவதும் அந்தக் கடைசியைத்தான். மங்கிய காதோடு வளரும் குழந்தை அதையும் இழக்கிறது.

தட்டைத் தட்டிப் பார்ப்பதும், கையைத் தட்டிப் பார்ப்பதும், பட்டாசுக்குப் பயப்படுகிறானே என்பதும் கேட்புப் பரிசோதனை ஆகாது. தட்டுச் சத்தம் எங்கே, "சட்டை" என்கிற சொல்லின் முதல் மூச்சு எங்கே? தட்டுக்குத் திரும்பினான் என்பதால் எத்தனை வீட்டில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் போய்விட்டது என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்படித் தேங்கும் நீர் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். அதனால் மருத்துவர் உடனே எதுவும் செய்யாமல் காத்திருந்து மறுபடி பார்ப்பார். அந்தக் காத்திருப்பில் நியாயம் இருக்கிறது, திரும்ப வர ஒரு தேதி குறித்த காத்திருப்பு அது. அண்ணன் மகனுக்கு வடியவில்லை. மூன்று மாதம் கழித்து அடினாய்டை எடுத்து, செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்தார்கள். அடுத்த வாரம் நான் அடுப்படியில் தோசை ஊற்றினேன். மாவு கல்லில் பட்டதும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவன் உள்ளே வந்து கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "அத்தை, இது கத்துது" என்றான். நான்கு வயதுப் பிள்ளை, அந்த ஸ்ஸ் என்கிற சத்தத்தை அன்றைக்குத்தான் கவனிக்கிறான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

சகரம் அதற்குப் பிறகு ஐந்தே வாரத்தில் வந்தது. ஆனால் சொல் கடைசிகளும், நீண்ட வாக்கியங்களும், வகுப்பில் தைரியமாகக் கேள்வி கேட்பதும் வர இரண்டு வருஷம் பிடித்தது.

ஆகையால் சொல்கிறேன்: பேச்சில் சந்தேகம் வந்தால் முதல் வேலை காது. பச்சைக் குழந்தைக்கும் பார்க்கலாம். காதில் சின்ன முனையை வைத்து எடுக்கும் ஓ.ஏ.இ. சில நிமிஷ வேலை. தூங்கும்போது எடுக்கும் பெரா என்றொரு பரிசோதனை இருக்கிறது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதியாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது உலகமெங்கும் வைத்திருக்கிற கணக்கு. மாவட்டத் தலைநகர்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2013-இல் வந்த தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் தொடங்கியவை. காசு வாங்க மாட்டார்கள். உள்காதில் நிரந்தரக் குறை இருந்தால் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு, அதற்கு ஆறு வயது என்று வரம்பும் உண்டு. "அப்பாவும் லேட்" என்று சொல்லிக் கடத்துகிற ஒவ்வொரு மாதமும் அந்த வரம்பிலிருந்து கழிகிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். குத்துமதிப்பான கணக்கு ஒன்று உண்டு. குழந்தை பேசுவதை வெளியாள் ஒருவர் கேட்டால், இரண்டு வயதில் பாதியாவது புரிய வேண்டும், மூன்று வயதில் முக்கால்வாசி, நான்கு வயதில் ஏறக்குறைய எல்லாமே. வெளியாள் என்றால் நிஜமாகவே வெளியாள். அம்மாவுக்குப் புரிவது கணக்கில் வராது. அம்மாவுக்கு மூச்சுவிட்டாலே புரியும். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரு சொல் சேரவில்லை என்றால் போய்க் காட்டிவிடுங்கள். வந்த சொற்கள் திரும்பிப் போனால் எந்த வயதிலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். என் அனுபவத்தில் இன்னொன்று: சொல்லின் முதல் மெய்யையே விட்டுவிட்டு அட்டை, எலுப்பு, ஆமி என்று பேசும் குழந்தையைக் கேட்டால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நாக்கை அறுத்தால் பேச்சு வரும் என்பது

பெரும்பாலும் வராது. நாக்கின் அடியில் உள்ள சவ்வு இழுத்துப் பிடித்திருக்கும் சில குழந்தைகளுக்குச் சில ஒலிகள் சிரமமாகலாம். பேச்சே வராததற்கு அது காரணமாவது மிக அரிது. அறுக்கலாமா என்று கேட்பதற்கு முன் காது.

வசம்பும் தேனும்

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வசம்பை உரசி நாக்கில் தேய்ப்பதால் பேச்சு வந்து நான் பார்த்ததில்லை. கிளி கொத்திய பழமும் அப்படியே.

சீர்காழி பக்கத்துத் திருக்கோலக்காவுக்குப் போய், ஓசை கொடுத்த நாயகியை வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் நிறைய. நானும் போயிருக்கிறேன். போய்வாருங்கள். போகும் வழியிலோ வரும் வழியிலோ காதையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் இல்லாத ழகரத்தைத் தேடுவது

"பழம் சொல்லத் தெரியலை, பளம்ங்கறான்" என்று மூன்று வயதுப் பையனைக் கூட்டிவந்தார் ஒரு அப்பா. "வீட்ல வாளப்பளம்தான் அதிகம் சாப்டுவான்" என்று அவரே அடுத்து சொன்னார். தெற்கே ளகரம், வடக்கே 'வாயப்பயம்' என்று யகரம். பெற்ற தாயும் தகப்பனும் சொல்லாத ஒலியைக் குழந்தை எங்கிருந்து கொண்டுவரும்? வட்டார வழக்கு குறையாகாது. ழகரம் வேண்டுமென்றால் முதலில் பெரியவர்கள் பழகட்டும், குழந்தை பின்னாலேயே வரும்.

பூவா, பாச்சி, ஜோஜோ

தாராளமாகச் சொல்லுங்கள். காலங்காலமாகக் குழந்தைக்கென்றே வைத்த சொற்கள், வாய்க்கு எளிதாக வருபவை. குழந்தை தப்பாகச் சொன்ன சொல்லை வீட்டுச் சொல்லாக்குவது மட்டும் வேறு. சட்டையை எல்லாரும் 'தத்தை' என்று சொல்ல ஆரம்பித்தால், சரியான சொல் அதன் காதில் விழ வேறு இடமே இல்லை.

இங்கிலீஷுக்கு மாறுவது

பேச்சு தாமதம் என்றதும், "ரெண்டு மொழி குழப்புது, இனிமே இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று சில பள்ளிகளில் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பாட்டிக்கு வராத மொழியில் பாட்டியைப் பேசச் சொன்னால் பாட்டி பேசாமல் இருந்துவிடுவார். குழந்தையோடு அதிகம் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவராக இருந்திருப்பார்.

அக்காவை மொழிபெயர்க்க விடுவது

தம்பி வாய் திறக்கும் முன்பே அக்கா சொல்லிவிடுவாள். அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

எழுதி வைக்காமல் இருப்பது

ரசித்து எழுதிய நோட்டு என்னை ஏமாற்றவில்லை. உண்மை முழுக்க அதில்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அதனால் வருகிற பெற்றோர் எல்லாரையும் நோட்டுப் போடச் சொல்கிறேன். தேதி, அது சொல்ல வந்த சொல், சொன்ன விதம், சளி இருந்ததா இல்லையா, நான்கு கட்டம் போதும். மாதத்துக்கு ஒருமுறை முதல் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். போனில் பதிவு செய்வதானால் செய்யுங்கள். கேட்டு வாங்காமல், அது பாட்டுக்குப் பேசும்போது, தூரத்தில் வைத்துவிட்டு.

அந்தக் காக்கா பாப்பாவுக்கும் காது பார்த்தோம், இரண்டும் நன்றாக இருந்தன. அவள் அம்மா எழுதிய நோட்டு போன வாரம் என் கைக்கு வந்தது. மார்ச்சில் 'தாத்தா'. மே கடைசியில் 'தாக்கா'. ஜூலையில், சளி இல்லாத ஒரு நாள் காலையில், 'காக்கா'. அதன் கீழேயே இன்னொரு வரி: அன்றிலிருந்து ஐந்து நாள் அவள் தாத்தாவையும் 'காக்கா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இது பிழையா என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். புதிதாகக் கிடைத்த ஒலியைக் கண்ட இடத்தில் எல்லாம் வைத்துப் பார்க்கிறாள், தானே அடங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். மாணவியிடம் நோட்டை நீட்டினேன். அவள் மார்ச் பக்கத்தைத் திருப்பி, ஜூலைப் பக்கத்தைத் திருப்பி, மறுபடி மார்ச்சுக்குப் போனாள்.